நாற்பது ஆண்டு காத்திருக்கும் தூசி

வேலையிலிருந்து ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவது, காலையில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தே தாரேக் குடிப்பது என்று நிம்மதியாக இருந்தவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சின் ஒரு பக்கத்தில் மந்தமான வலி. உடல் மெலிகிறது. கிளினிக்கில் கொடுத்த இருமல் மருந்து கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. ஊசி வைத்து நீரை எடுத்தாலும் சில வாரங்களில் திரும்பச் சேர்ந்துவிடுகிறது. காசநோயாக இருக்குமோ என்று சோதிக்கிறார்கள். சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்கிறார்கள். 1972இல் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போவதுண்டு.

இந்த நோயைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நோயின் பெயர் மீசோதீலியோமா. நம் நுரையீரலையும் இதயத்தையும் வயிற்று உறுப்புகளையும் ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அந்த உறையில் வரும் புற்றுநோய் இது. பெரும்பாலும் நுரையீரல் உறையில் வருகிறது, சிலருக்கு வயிற்று உறையில் வருகிறது. அரிதான நோய்தான். ஆனால் புற்றுநோய்களிலேயே காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவை குறைவு. காரணம் ஆஸ்பெஸ்டாஸ்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று ஒரு பெயர் உண்டு. இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு எந்த மொழியிலும் இருக்குமா என்று தெரியவில்லை. பூமியிலிருந்து கல்லாகத்தான் வெட்டி எடுக்கிறார்கள். கையால் பிரித்தால் பஞ்சுபோல நார்நாராகப் பிரிகிறது. நெருப்பில் எரியாது, அமிலத்தில் எளிதில் கரையாது, நூலாக நூற்கலாம், சிமெண்டில் கலந்து தகடாக வார்க்கலாம். விலையும் மலிவு. கிரேக்க மொழியில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அணைக்க முடியாதது என்று பொருள். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று மூன்று வகைகள் அதிகம் புழங்கின. கொதிகலன், நீராவிக் குழாய், கப்பலின் இயந்திர அறை, ரயில் பெட்டி, லாரியின் பிரேக், வீட்டுக் கூரை, சிலிங், தண்ணீர்க் குழாய் என்று இருபதாம் நூற்றாண்டில் அது நுழையாத இடமே இல்லை.

நம்மவர் எங்கே சந்தித்தார்கள்?

சிங்கப்பூரில் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஒப்படைத்த அந்தப் பட்டறை 1968இல் வணிகக் கப்பல் பட்டறையானது. அந்தக் காலத்துக் கப்பல்களில் கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிக் கல்நாரைக் கனமாகப் பூசியிருப்பார்கள். பழுது பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தப் பூச்சைத் தட்டி உடைக்க வேண்டும். காற்றோட்டமில்லாத அறைக்குள் பனிமூட்டம் போலத் தூசி எழும். தட்டுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் வெல்டிங் செய்தவரும் வயர் இழுத்தவரும் தரையைப் பெருக்கியவரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த ரயில்வே பட்டறையிலும் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள். நீராவி ரயில் இயந்திரங்களின் கொதிகலனைக் கல்நாரால் போர்த்துவது அன்று உலகெங்கும் வழக்கம். தோட்டத்துச் செம்பனை ஆலைகளிலும் கொதிகலன் உண்டு, நீராவிக் குழாய் உண்டு. லாரி, பேருந்துப் பட்டறைகளில் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து ஒரு ஊது ஊதுவார்கள். பறக்கும் கறுப்புத் தூளில் கல்நாரும் இருந்தது. பிறகு கட்டுமானத் துறை. அலைத்தகட்டுக் கூரையை ரம்பத்தால் அறுத்தவர், சிலிங் பலகையில் ஓட்டை போட்டவர், பழைய கட்டடத்தை இடித்தவர் என்று வரிசை நீளும்.

வீட்டில் இருந்த பெண்களும் இதற்குத் தப்பவில்லை. 1965இல் லண்டனில் இரு ஆய்வாளர்கள் 76 மீசோதீலியோமா நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தபோது, அவர்களில் 9 பேர் கல்நார் வேலை எதுவும் செய்யாதவர்கள் என்பது தெரிந்தது. வீட்டில் வேறொருவர் அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கணவரின் வேலை உடையை உதறித் துவைத்த மனைவியின் கதைதான் அதில் அதிகம் கேட்டது.

கிம்பர்லி மருத்துவமனையில் ஒரு சந்தேகம்

கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக் மருத்துவ இதழில் எழுதினார். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர் வந்தது. 1931இல் பிரிட்டன் தூசியைக் கட்டுப்படுத்த விதிகளும் கொண்டுவந்தது. ஆனால் ஆஸ்பெஸ்டோசிஸ் புற்றுநோய் அல்ல. புற்றுநோயின் தடம் கிடைத்தது தென்னாப்பிரிக்காவில்.

கிம்பர்லி என்றால் வைரச் சுரங்கம் நினைவுக்கு வரும். அங்கிருந்த காசநோய் மருத்துவமனையில் 1950களில் ஸ்லெக்ஸ் என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நெஞ்சில் நீர் கோத்து வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் காசநோய் மருந்தில் குணமானார்கள். மேற்குப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மருந்து வேலை செய்யவில்லை. அந்தப் பக்கத்தில்தான் நீலக் கல்நார்ச் சுரங்கங்கள் இருந்தன. நோய்க்கூறியல் மருத்துவர் கிறிஸ்டோபர் வாக்னர் திசுக்களை ஆராய்ந்தார். இருவரும் மார்ச்சண்ட் என்பவருடன் சேர்ந்து 1960இல் 33 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் கல்நாருடன் ஏதோ ஒரு தொடர்பு இருக்க வாய்ப்பிருந்தது. எல்லாரும் சுரங்கத் தொழிலாளிகள் அல்லர். சிலர் சுரங்கத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே.

அது 1960. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் தடை செய்தது 1985இல், வெள்ளையை 1999இல். ஆஸ்திரேலியா முழுத் தடை கொண்டுவந்தது 2003 டிசம்பர் 31இல். மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூம் என்ற நீலக் கல்நார்ச் சுரங்க ஊர் 1966 வரை இயங்கியது. அங்கே வேலை செய்தவர்களும் குடியிருந்தவர்களுமாக ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஊரின் பெயரையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே ஒரு ஊர் இருந்தது. 2020இல் மக்கள் வாக்களித்துப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்து முடித்த பிறகு பெயரை மாற்றுவது எளிதுதான்.

வெள்ளைக் கல்நார் ஆபத்தில்லாதது, கவனமாகப் பயன்படுத்தினால் போதும் என்று தொழில்துறை நெடுங்காலம் வாதிட்டது, இன்றும் வாதிடுகிறது. நீலத்தின் வீரியம் அதிகம் என்பது உண்மை. ஆனால் எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் முடிவு. மீசோதீலியோமா, நுரையீரல், குரல்வளை, சினைப்பை ஆகிய நான்கு புற்றுநோய்களோடு அதை அந்த அமைப்பு நேரடியாகத் தொடர்புபடுத்துகிறது. உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் அதிகமானோர் கல்நாரால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வேலையிடத்தால் வரும் புற்றுநோய் மரணங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இதனால்தான். இருந்தும் ரஷ்யா இன்னும் வெட்டி எடுக்கிறது, இந்தியா பெருமளவில் வாங்குகிறது. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூரை கண்ணில் படும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி வெளியேறிவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத நார். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது நுரையீரலின் கடைசி மூலைவரை போய், சில வேளைகளில் உறையையும் எட்டுகிறது. உடலைத் துப்புரவு செய்யும் அணுக்கள் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். நீளமான நாரை அவற்றால் முழுதாக விழுங்க முடியாது. பாதி விழுங்கிய நிலையில் அந்த அணுக்கள் செத்து, எரிச்சலூட்டும் ரசாயனங்களைக் கக்குகின்றன. அடுத்த அணு வருகிறது, அதற்கும் அதே கதி. கல் கரைவதில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியில் பக்கத்து அணுக்களின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் சேதமடைகின்றன. தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஆகின்றன.

தூசியில் வேலை செய்த எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது. எவ்வளவு தூசி, எத்தனை ஆண்டு, எந்த வகை என்பதைப் பொறுத்து ஆபத்து கூடும். சில குடும்பங்களில் பேப்-1 என்ற மரபணுக் குறைபாடு இருந்தால் கொஞ்சம் தூசியே போதுமானதாகிவிடுகிறது.

புகைபிடிப்பது பற்றி ஒரு குழப்பம் உண்டு. மீசோதீலியோமாவுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயில் சிகரெட் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிறது. அமெரிக்காவில் மருத்துவர் இர்விங் செலிகாஃப் குழுவினர் காப்புப் பூச்சுத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட கணக்கு இது. தூசியும் புகையும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நாரில் மட்டும் வேலை செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். உள்ளே போன நாரை வெளியே எடுக்க எந்த மருந்தும் இல்லை. சிகரெட்டை விடுவது மட்டும் நம் கையில் இருக்கிறது.

சிகிச்சை எதுவரை வந்திருக்கிறது?

முதலில் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். நெஞ்சிலிருந்து எடுத்த நீரைச் சோதித்தால் மட்டும் பல நேரங்களில் போதாது. சிடி ஸ்கேன் எடுத்து, விலா எலும்புகளுக்கு இடையே சிறு துளையிட்டுக் கேமரா செலுத்தி, உறையிலிருந்து திசு எடுத்துச் சோதிப்பதே உறுதியான வழி. அணுக்களின் வடிவத்தை வைத்து நோயை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். எபிதீலியாய்டு வகை ஓரளவு மெதுவாக வளரும். சார்கோமட்டாய்டு வகை வேகமானது. மூன்றாவது இரண்டும் கலந்தது. எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, சிகிச்சையின் போக்கு அதைப் பொறுத்தே அமைகிறது.

நெடுங்காலம் மருத்துவர்களிடம் இதற்கு உருப்படியான மருந்தே இல்லை. 2003இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் சிஸ்பிளாட்டின் மருந்தோடு பெமட்ரெக்செட் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் 12 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களுக்கு அது 9 மாதம். மூன்று மாதம்தானா என்று தோன்றும். ஆனால் அடுத்த பதினேழு ஆண்டுகளுக்கு அதுவே அடிப்படைச் சிகிச்சையாக இருந்தது. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் பி12 ஊசியும் சேர்த்துக் கொடுப்பார்கள். பக்கவிளைவைக் குறைப்பதற்காகத் தருவது என்பதால், வெறும் வைட்டமின்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்த மாற்றம் நோயெதிர்ப்புச் சிகிச்சை. புற்றணுக்கள் நம் எதிர்ப்பாற்றலுக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்துவிடும் மருந்துகள் இவை. நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரண்டையும் சேர்த்து 605 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 18 மாதங்களைக் கடந்தார்கள். கீமோதெரப்பி பெற்றவர்களுக்கு 14 மாதம். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 41 விழுக்காடு, எதிர்த்தரப்பில் 27. வேகமாக வளரும் வகைகளில்தான் வித்தியாசம் பெரிது. 2020 அக்டோபரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. குறை என்னவென்றால் விலை அதிகம். திறந்துவிட்ட எதிர்ப்பாற்றல் சில நேரம் குடல், ஈரல், தைராய்டு ஆகியவற்றையும் தாக்கிவிடும். இந்த மருந்து எடுக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுங்கள் டாக்டர் என்றுதான் குடும்பத்தார் முதலில் கேட்பார்கள். இயல்புதான். ஆனால் இந்தப் புற்று ஒரு கட்டியாக இருப்பதில்லை, உறை முழுவதும் படர்ந்திருக்கும். 335 நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. கீமோதெரப்பியோடு உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 19 மாதங்களைக் கடந்தார்கள், கீமோதெரப்பி மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேரோ ஏறத்தாழ 25 மாதங்களைக் கடந்தார்கள். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குச் சிக்கல்களும் அதிகம். அந்த முடிவுக்குப் பிறகும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைத்தால், ஏன் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

வயிற்று உறையில் வரும் நோய் இதற்கு மாறானது. அங்கே புற்றை இயன்றவரை அகற்றிவிட்டு, சூடேற்றிய கீமோதெரப்பி மருந்தை வயிற்றுக்குள்ளேயே சுழலவிடுகிறார்கள். தேர்ந்த மையங்களில் இதைச் செய்துகொண்ட 405 பேரில் பாதிப் பேர் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இந்த முறையில் அனுபவம் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

பாதிப் பேர் என்ற கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று மீசோதீலியோமா என்று தெரிந்தது. நூலகத்துக்குப் போய்ப் புரட்டினார். பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள் என்று இருந்தது. கணக்கு தெரிந்தவர் என்பதால் மீதிப் பாதியைப் பற்றி யோசித்தார். அந்தப் பாதியில் சிலர் நெடுங்காலம் வாழ்வார்கள், தானும் அவர்களில் ஒருவராக இருக்கலாம் அல்லவா? அவர் 2002 வரை இருந்தார். இறந்தது வேறொரு புற்றுநோயால். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனால் ஒரு சராசரி எண்ணைக் கேட்டதும் நாள் குறித்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

குணப்படுத்த முடியாத நிலையிலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நீர் திரும்பத் திரும்பச் சேராமல் இருக்க மருத்துவத் தரமான டால்க் பொடியைச் செலுத்தி உறையின் இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கலாம். மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி வீட்டிலேயே நீரை வடிக்கலாம். மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. வலிக்கு மட்டுமல்ல, மூச்சுத் திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் நல்ல மருந்து. அது கிடைத்துத் தூங்கி எழுந்தவர்கள் மறுநாள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பைக் கட்டணமின்றித் தருகிறது.

கூரையும் குழாயும்

சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்தத் தடை. 1991க்கு முன் கட்டிய கட்டடத்தை இடிப்பதற்கு முன் கல்நார் இருக்கிறதா என்று தகுதிபெற்ற ஒருவர் சோதிக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். மலேசியாவில் 1986 முதல் கல்நார் வேலைகளுக்குத் தனி விதிமுறைகள் உண்டு, நீல வகைக்குத் தடையும் உண்டு.

உங்கள் வரிசை வீடு 1970, 80களில் கட்டியதா? சிலிங்கிலோ கார் நிறுத்தும் இடத்துக் கூரையிலோ கல்நார் இருக்கக்கூடும். உடையாமல், பொடியாமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே பாதுகாப்பு. ஆபத்து அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும்தான். புதுப்பிப்பு வேலைக்கு வரும் குத்தகையாளர் இரண்டு தொழிலாளர்களைச் சுத்தியலோடு அனுப்பி, மதியத்துக்குள் சிலிங்கைத் தட்டி இறக்கி, துடைப்பத்தால் கூட்டி லாரியில் ஏற்றிவிடுவார். அந்தத் தொழிலாளர்களின் முகத்தில் துணிகூட இருக்காது. வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த அந்த இளைஞனுக்கு நோய் தெரியும்போது அவன் இங்கே இருக்க மாட்டான். வேலை தொடங்கும் முன்பே பலகையைச் சோதிக்கச் சொல்லுங்கள். கல்நார் என்று தெரிந்தால் அதை அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்த வேண்டும். பழைய கல்நார்க் கூரையை அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவுவதும் கூடாது.

மலேசியாவில் மண்ணுக்கடியில் கல்நார் சிமெண்ட் தண்ணீர்க் குழாய்கள் இன்னும் நிறைய உள்ளன. குடிநீரில் வரும் நாரைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். அதனால் உடல்நலம் கெடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குடிக்கிறவரைவிட, பழைய குழாயை வெட்டுகிற தொழிலாளியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

இழப்பீடு கேட்கலாமா?

கேட்கலாம். மலேசியாவில் சொக்சோ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸும் கல்நாரால் வரும் புற்றுநோயும் இருக்கின்றன. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்திலும் இவை இடம்பெற்றுள்ளன. சிக்கல் எல்லாம் ஆதாரத்தில்தான். நிறுவனம் மூடப்பட்டிருக்கும், பெயர் மாறியிருக்கும். குத்தகையாளரிடம் நாள்கூலியாக இருந்தவருக்குத் தாளே இருக்காது. வேலையை விட்டு இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே என்று தாமாகவே முடிவு செய்து இருந்துவிடாமல் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் கணக்கு, தொழிற்சங்க அட்டை, பட்டறை வாசலில் எடுத்த குழுப் படம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் என எதையும் எறிந்துவிடாதீர்கள்.

கப்பல் பட்டறை, ரயில்வே, ஆலை, கட்டுமானம் என்று அப்பாவோ தாத்தாவோ வேலை செய்திருந்தால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எந்த இடம், என்ன வேலை, தூசி இருந்ததா, யார் யார் கூட இருந்தார்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துப் பட்டியலோடு அந்தத் தாளையும் கொடுங்கள். அவருடைய வேலைச் சட்டையைத் துவைத்தது அம்மா என்றால், அம்மாவின் மருத்துவ அட்டையிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.